மூலைக்கு ஒரு வார்த்தை

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மாமியார் பால்காரர் வருவதற்கு முன்பே துணி மடித்து முடித்துவிடுவார். முந்தின நாள் காய்ந்ததெல்லாம் கூடத்துக் கட்டிலில் மலையாகக் குவிந்து கிடக்கும். விளக்குக்கூடப் போடமாட்டார், ஜன்னல் வெளிச்சமே போதும். துண்டு, தலையணை உறை, என் கணவரின் சட்டைகள், என்னுடையவை என்று பிரித்து, மடியில் போட்டு நீவி, அடுக்கி, அவரவர் அலமாரியில் கொண்டுபோய் வைத்த பிறகுதான் முகம் கழுவுவார். நான் எழுந்து வரும்போது கட்டில் துடைத்துவிட்டாற்போல் இருக்கும்.

"நான் எந்திரிச்சு வந்து மடிக்க மாட்டேனா அத்தை?"

"உனக்கு வேற வேலை இல்லியா?"

ஒரு வருடமாக இதே கேள்வி, இதே பதில். வாசல் மணி அடிக்கிற நேரத்தில் வீட்டில் மடிப்பதற்கு ஒரு கைக்குட்டைகூட மிச்சம் இருக்கக் கூடாது. அத்தையின் அவசரமெல்லாம் அதற்குத்தான். அது புரிய வேண்டுமென்றால் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் கணவருக்கு ஒரே தங்கை. வீட்டில் 'சின்னவ'. வெளியில் எல்லோருக்கும் 'டீச்சர்'. கவுன்சிலர் ஆன பிறகும் யாரும் அவளைக் கவுன்சிலர் என்று கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. தனியார் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். குட்டையாக, வேகமாக நடப்பாள். தெருவில் பின்னாலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்றுதான் தோன்றும்.

பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்க அவள் சாக்பீஸைத் தொடமாட்டாள். வீட்டிலிருந்து துண்டு எடுத்துக்கொண்டு போவாள். ஒரு தரம் மடித்தால் அரை, இன்னொரு தரம் மடித்தால் கால், இன்னும் ஒரு தரம் மடித்தால் அரைக்கால். அந்த வாரம் முழுக்க ஊரில் எந்த வீட்டிலும் துண்டு ஒழுங்காக விரிந்து கிடக்காது. "குளிச்சுட்டு வந்து துண்டைத் தேடினா, புள்ள அதைத் தீப்பெட்டி சைஸுக்கு மடிச்சு வெச்சிருக்கான் டீச்சர்" என்று அப்பாக்கள் வந்து முறையிடுவார்கள். "அது எத்தனையில ஒரு பங்குன்னு கேட்டீங்களா?" என்பாள் இவள். அவர்களுக்கு எங்கே தெரியும்? வந்த வழியே போய்விடுவார்கள்.

கவுன்சிலர் ஆனது ஒரு பள்ளத்தால். பள்ளிக்கூட வாசலில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள். நகராட்சிக்குப் போய்ச் சொன்னாள். "நீங்க கவுன்சிலரா?" என்று கேட்டாராம் அங்கே இருந்தவர். இல்லை என்றாள். "அப்ப அவரைப் போய்ப் பாருங்க." அந்தக் கவுன்சிலரோ மகன் வீட்டோடு வேறு ஊருக்குக் குடிபோய் இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது.

அன்று மாலை நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, கவுன்சிலர் ஆகணும்னா என்ன படிச்சிருக்கணும்?"

"ஒண்ணும் படிச்சிருக்க வேணாம்."

"அப்ப எனக்குத் தகுதி கொஞ்சம் ஜாஸ்திதான். பரவாயில்ல, சமாளிச்சுக்கறேன்."

அடுத்த தேர்தலில் நின்றாள். எதிர்த்து நின்றவரின் மகளே இவள் வகுப்பில் படித்தாள். அந்த வீட்டிலிருந்து அவருக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும் என்பது இன்றுவரை எங்கள் தெருவில் ஓயாத பேச்சு.

ஜெயித்த பிறகுதான் சிக்கல். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம், சாயங்காலம் சாக்கடை, குழாய், தெருவிளக்கு என்று சந்து சந்தாக அலைச்சல். வீட்டுத் துணி மடிக்க ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஜனங்களும் அவளைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதல் வாரமே கூடம் நிறைந்துவிட்டது. நடுவில் துணிக்குவியல், சுற்றிலும் குறைகள்.

முதலில் வாயைத் திறந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஊரில் அவருக்குத் 'தொடரும்' என்று பெயர். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் அது அன்றைக்கு முடியாது. தன் வீட்டு முனையில் இருந்த தெருவிளக்கைப் பற்றிச் சொல்ல வந்தவர், அந்தக் கம்பம் நட்ட காலத்தில் அங்கே என்ன இருந்தது என்பதில் போய் நின்றார். சின்னவ பொறுமையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே ஒரு கூடை காலுறைகளை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"சார், இதை ஜோடி சேர்த்துக்கிட்டே சொல்லுங்க."

அவர் ஒன்றை எடுத்தார். அதற்கு ஜோடியைத் தேடினார். கறுப்பில் ஐந்தாறு தினுசு. தேடத் தேடப் பேச்சு குறைந்தது. கடைசியில் தலையைத் தூக்கி, "விளக்கு எரியல டீச்சர். அவ்வளவுதான்" என்றார்.

"என் ஆயுசுல அன்னிக்குத்தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சேன்" என்று இப்போதும் பெருமையாகச் சொல்வார். அதைச் சொல்ல அவருக்கு அரைமணி நேரம் ஆகும்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. குறை சொல்ல வருகிறவர் கையில் ஒரு துணி. சும்மா இருக்கிற கைதான் மேசையைத் தட்டும், விரலை நீட்டும் என்பது அவள் கட்சி. வகுப்பிலும் அப்படித்தான் செய்வாளாம். சண்டை போடுகிற பிள்ளைகளிடம் கரும்பலகைத் துணியைக் கொடுத்து உதறிக்கொண்டு வரச் சொல்வாள். வார்டு பிரச்சினை தீர்ந்ததோ இல்லையோ, எங்கள் வீட்டுத் துணி மடிந்துவிடும். ஒரு கட்டத்தில் ஜனங்களுக்கு எங்கள் வீட்டு அலமாரிகளே அத்துப்படி. "இது அண்ணியோடது, மேல் தட்டு" என்று யாரோ ஒருவர் என் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போவார்.

என் கணவருக்குத்தான் மானம் போயிற்று.

"என் பனியனை ஊரே மடிக்குதுடி! நான் கடைத்தெருவுல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்?"

"நல்ல பனியனா வாங்கிப் போடு, நிமிர்ந்து நடக்கலாம்" என்றாள் தங்கை.

அவர் தன் உள்ளாடைகளை மட்டும் குளியலறைக்குள் கயிறு கட்டி ரகசியமாகக் காயவைக்க ஆரம்பித்தார். அதையும் ஒருநாள் யாரோ கண்டுபிடித்து, எடுத்து வந்து, ஓட்டையைத் தைத்து மடித்து வைத்துவிட்டார்கள். தைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கிற அம்மாதான். அப்படி நூல் தெரியாமல் தைக்க வேறு யாருக்கும் வராது.

அந்தத் தையல்காரம்மாவுக்கும் அவர் கடைக்கு எதிரில் இருக்கிற பேக்கரிக்காரருக்கும் நடந்த சண்டையில்தான் படுக்கை விரிப்பு உள்ளே வந்தது. பேக்கரி அடுப்பின் புகை, தையல்காரம்மா துவைத்துத் தொங்கவிட்ட வெள்ளைத் துணிகளில் படிந்தது. இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் போட்ட சத்தத்தில் மற்றவர்கள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார்கள். சின்னவ குவியலுக்குள் கையை விட்டு ஒரு பெரிய விரிப்பை இழுத்தாள். ஆளுக்கு ஒரு முனை.

"இதை மடிச்சுக் குடுங்க. ஒரே ஒரு சட்டம். தூரமா நிக்கும்போது பேசக்கூடாது. கிட்ட வந்து மூலையைக் கையில குடுக்கும்போது ஆளுக்கு ஒரு வார்த்தை."

"ஒரு வார்த்தையில எப்படி டீச்சர் சொல்றது?"

"ரொம்ப இருந்தா பெரிய பெட்ஷீட்டா குடுக்கறேன்."

விரிப்பை மடிக்கிற இரண்டு பேர் நெருங்கித்தான் ஆக வேண்டும். மூலையைக் கொடுக்கும்போது விரல் மேல் விரல் படும். மூக்குக்கு முன்னால் இருக்கிற முகத்தைப் பார்த்து யாராலும் கத்த முடியவில்லை. மூன்றாவது மடிப்பில் காலை எட்டு மணிக்குள் அடுப்பு வேலையை முடித்துக்கொள்வதாக அவர் சொன்னார். எட்டு மணிக்கு மேல்தான் துணி காயப்போடுவேன் என்று இவர் சொன்னார். விரிப்பு மடிந்துவிட்டது.

இந்த வித்தையை அவள் நகராட்சிக் கூட்டத்திலேயே காட்டியிருக்கிறாள். குழாய் முதலில் எந்தத் தெருவுக்கு என்று தலைவரும் இன்னொரு உறுப்பினரும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்களாம். இவள் எழுந்து, "தண்ணி டம்ளரையெல்லாம் யாராவது எடுங்க" என்றாள். எடுத்தார்கள். மேசை மேல் இருந்த நீளப் பச்சைத் துணியை உருவி ஒரு முனையைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டாள். "தலைவர் வீட்ல ஒரு கைக்குட்டைகூட மடிச்சதில்லம்மா. அன்னிக்குப் பாவம், அந்தத் துணியில சிக்கிக்கிட்டாரு" என்று அங்கே வேலை பார்க்கிற வாட்ச்மேன் வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார். குழாய் எங்கள் வார்டுக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. பள்ளிக்கூட வாசல் பள்ளமும் மூடியாயிற்று. மூடிய அன்று இவள் மூன்றாம் வகுப்பு முழுவதையும் அதன் மேல் நிற்க வைத்துக் குதிக்கச் சொன்னாளாம், தாங்குகிறதா என்று பார்க்க. காண்டிராக்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை வகுப்பில் தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். சனிக்கிழமை அவள் இல்லை. முப்பத்து மூன்று வயது.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு ஒரு விரிப்பு மிஞ்சியிருந்தது. நீலக் கோடு போட்டது. அம்மாவும் மகளும் மடித்தார்கள். நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையைக் கொடுக்கும்போது மகள், "நீ ரொம்ப இழுக்கறம்மா" என்றாள். "நீ தொளதொளன்னு விடற" என்றார் அத்தை. பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த விரிப்பைத்தான் அத்தை அவள் மடித்த மடிப்புக் கலையாமல் பீரோவின் நடுத்தட்டில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில். அந்தத் தட்டில் இருந்த மற்ற விரிப்புகளும் உள்ளேயே மாட்டிக்கொண்டதால் நான் புதிதாக வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் நின்றது. ஆரம்பத்தில் ஓரிரண்டு பேர் வந்து பார்த்தார்கள். கூடம் காலியாக, கட்டில் சுத்தமாக இருந்தது. அத்தை வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார். இடைத்தேர்தல் நடந்து புதுக் கவுன்சிலர் வந்தார். "நல்ல மனுஷன்தான்" என்றார் தொடரும் என்னிடம் கடைத்தெருவில். "ஆனா நாற்காலில உக்கார வெச்சிடறாரு. கை ரெண்டையும் எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. பேச்சு எங்கியோ போயிடுது."

வருட நினைவு வந்தது. என் கணவர் நெருங்கினவர்களிடம், "ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தையின் முகம் மாறியது.

"வரட்டும். டீ குடிக்கட்டும், அவளைப் பத்திப் பேசட்டும், போகட்டும். எவளும் எவனும் துணியில கை வைக்கக்கூடாது. பீரோ பக்கம் போகக்கூடாது."

"யாரும்மா பீரோவைத் தொடப்போறா?"

"சொல்லிட்டேன்."

அன்று விடியலில் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே எழுந்து எல்லாவற்றையும் மடித்து ஒளித்துவிட்டார். அடுக்களைக் கரித்துணியைக்கூட விடவில்லை.

வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கடன் வாங்கிய நாற்காலிகளில் நேராக உட்கார்ந்தார்கள். என் கணவர் எழுந்து, "என் தங்கை..." என்று ஆரம்பித்தார். முந்தின இரவு கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதோ, உட்கார்ந்துவிட்டார். நான் டீ கொண்டுவந்தேன். டம்ளர்களை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். தொடரும் தன் கைக்குட்டையை நான்காக மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். சின்னவளின் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை பிஸ்கட் சுற்றியிருந்த காகிதத்தை அரைக்கால், அரைக்காலாக மடித்துவிட்டார். தையல்காரம்மா முந்தானையை. பேக்கரிக்காரர் அன்றைய செய்தித்தாளை. வாட்ச்மேன் மடிக்க எதுவும் கிடைக்காமல் சட்டைக் கையை மடித்து மடித்துத் தோள் வரைக்கும் ஏற்றியிருந்தார். அத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொடரும் தொண்டையைச் செருமினார். "டீச்சர் இருந்தப்போ நம்ம முனையில விளக்கு எரிஞ்சுது. இப்ப ஒரு மாசமா எரியல."

"நினைவு நாளுக்கு வந்துட்டு விளக்கைப் பத்திப் பேசறீங்களே சார்" என்று வாட்ச்மேன் அதட்டினார். அப்புறம் அவரே, "எங்க சந்துலயும் எரியலதான்" என்றார்.

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, அதே கூடம். ஒரு வருடத்துக் குறை எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. குப்பை வண்டி, தெருநாய், பள்ளிக்கூட வாசலில் மறுபடி தோண்டிய பள்ளம். எல்லோருக்கும் நினைவு நாள் மறந்தேபோயிற்று. அத்தையின் தாடை இறுகுவதை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துத் தையல்காரம்மா யாருக்கும் பொதுவாகச் சொல்வதுபோல், "சில பேரு மத்தியானமும் அடுப்பு மூட்டறாங்க. டீச்சர் போனதும் சட்டமும் போச்சு" என்றார்.

"யாரு அந்த சில பேரு? பேரைச் சொல்றது!" பேக்கரிக்காரர் எழுந்தேவிட்டார்.

"சொல்லணுமா? புகை போற வழியில பாத்தாத் தெரியும்."

"எனக்கு வியாபாரம் கூடிப்போச்சு, அது பொறுக்கல உங்களுக்கு!"

"என் வெள்ளைத் துணியெல்லாம் சாம்பலாயிடுச்சு, அது தெரியல உங்களுக்கு!"

என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் போய், "அண்ணே, அக்கா, இன்னிக்கு வேணாமே" என்று கையைப் பிசைந்தார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. அத்தை எழுந்து உள்ளே போனார். போச்சு, எல்லோரையும் வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளே பீரோச் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

நீலக் கோடு விரிப்போடு வந்தார்.

"அத்தை, அது..."

"தெரியும்."

இரண்டு கையாலும் பிடித்து ஓர் உதறு உதறினார். ஒரு வருடத்து மடிப்பு படபடவென்று பிரிந்தது. அந்தக் காற்றில் தொடரும் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி நழுவி அவர் மடியிலேயே விழுந்தது. விரிப்பில் மடிப்புக் கோடுகள் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

"பிடிப்பா" என்றார் பேக்கரிக்காரரிடம். "நீயும் பிடிம்மா. தூரமா நிக்கும்போது பேச்சு கிடையாது."

நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளி வழிவிட்டார்கள். இரண்டு பேரும் விரிப்பை நீளவாக்கில் மடித்து, நெருங்கி வந்தார்கள்.

"புகை வருது" என்றார் தையல்காரம்மா.

"மத்தியானமும் பன்னு கேக்கறாங்க" என்றார் பேக்கரிக்காரர்.

விலகினார்கள். மறுபடி வந்தார்கள்.

"ரெண்டு மணிக்கு மேல மூட்டுங்க. அதுக்குள்ள துணியை எடுத்துடறேன்."

பேக்கரிக்காரர் யோசித்தார். "மழை நாள்ல?"

"ஒரு வார்த்தைதான்!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினார்கள். "மழை நாள்ல அடுத்த பெட்ஷீட்டு!"

அவர் சிரித்துக்கொண்டே பின்னால் போய் விரிப்பை இழுத்தார். தையல்காரம்மா தடுமாறி இரண்டடி முன்னால் வந்து நின்று, "நீங்க ரொம்ப இழுக்கறீங்க" என்றார்.

அத்தை சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரை. எதற்கு இப்படிச் சிரிக்கிறார் என்று தெரியாமலேயே மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குத் தெரியும். நான் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மடிப்பு கோணலா இருக்கே" என்றார் தொடரும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

"நீங்க உங்க சாக்ஸைப் பாருங்க" என்றார் அத்தை.

"சாக்ஸ் எங்கம்மா இருக்கு?"

அத்தை என் பக்கம் திரும்பினார். "உள்ள மடிச்சு வெச்சதையெல்லாம் எடுத்துட்டு வா."

"எல்லாத்தையுமா?"

"எனக்கு என்ன காது கேக்காதா, ரெண்டு தரம் கேக்கற? எல்லாத்தையும்தான்."

விடியலில் அவர் மடித்து அடுக்கியதையெல்லாம் இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டிக் கலைத்தேன். "என் பனியனை மட்டும் விட்டுடுங்கப்பா" என்று என் கணவர் பின்னாலேயே ஓடிவந்தார். வாட்ச்மேன் அதைத்தான் முதலில் எடுத்தார். "புதுசு சார்! டீச்சர் பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்." அப்புறம் பேச்சு அவளைப் பற்றித் தானாக வந்தது. பச்சைத் துணியில் சிக்கிய தலைவரை வாட்ச்மேன் மறுபடி நடித்துக் காட்டினார். பள்ளத்தின் மேல் பிள்ளைகள் குதித்ததைத் தலைமை ஆசிரியை எழுந்து நின்று குதித்தே காட்டினார். தெருவிளக்குக்கு யார் யார் சேர்ந்து போய்ப் புதுக் கவுன்சிலரைப் பார்ப்பது என்றும் நடுவில் முடிவாயிற்று. அவரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து துண்டு மடிக்க விட வேண்டும் என்று ஒருவர் சொன்னார்.

வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். துணியெல்லாம் மடிந்து, அவரவர் தட்டுக்குப் போய்விட்டிருந்தது. அந்த நீலக் கோடு விரிப்பு மட்டும் கோணல் மடிப்போடு அத்தையின் மடியில் இருந்தது. அவர் அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கிளம்பியவர் தொடரும். செருப்பை மாட்டியவர் அதைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்." நின்றார். நீளமாக ஆரம்பிக்கப்போகிறார் என்று என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரலாமா?"

அத்தை விரிப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். எப்போதும் இடுப்பில் இருக்கும் சாவி கட்டில் மேலேயே கிடந்தது. பீரோ இருக்கிற அறை இடது பக்கம். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டே, வாஷிங் மெஷின் இருக்கிற பின்பக்கத்துக்கு நடந்தார்.